சத்துமாவு தந்தீர்கள், ஊட்டிவிட ஆள் வேண்டாமா?

குழந்தைகள் வளர்ச்சித் துறையின் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம், குடிசை மாற்று வாரியம் கட்டிய எங்கள் போர்டு குடியிருப்பில், அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடை பார்க்கும் நாளன்று ஒரு தாயை எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துப் பேசினார்கள். ஒன்றேகால் வயதுப் பையன். புஜத்தைச் சுற்றிய அளவுநாடா சிவப்பில் நின்றது, அதாவது 11.5 சென்டிமீட்டருக்கும் கீழே, கடுமையான மெலிவு. "மாவு குடுக்கிறோம், அதைக் கரைச்சு ஊட்டக்கூட உனக்கு நேரம் இல்லையா? பெத்தா மட்டும் போதுமா?" என்று பார்வையிட வந்தவர் கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. வேலை செய்யும் வீட்டில் அரைநாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நேரமாகிறது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவர் சொல்லாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நேரம் இல்லை. உண்மையாகவே இல்லை. காலை ஆறரை மணி பஸ்ஸை விட்டால் முதல் வீட்டில் பாத்திரம் காத்துக் கிடக்கும், பேச்சு விழும். மூன்று வீடு முடித்துத் திரும்பி வந்து சேர மாலை ஐந்தாகிவிடும். கணவர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார். அதுவரை பையனைப் பார்த்துக்கொள்வது மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா. வாரத்தில் பாதி நாள் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை.

என் மாலை வகுப்புக்கும் அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள். ஒருநாள் என்ன ஊட்டினாய் என்று கேட்டேன். சத்துமாவைப் பச்சைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததாகவும் அவன் துப்பிவிட்டதாகவும் சொன்னாள். வெந்நீர் வைத்தால் என்ன என்றேன். "அடுப்பைத் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு." அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு? எட்டு வயதுப் பிள்ளையிடம் கேஸ் அடுப்பை எந்தத் தாய் விட்டுவிட்டுப் போவாள்? மாவு கட்டி கட்டியாக டம்ளரில் கிடந்தது. அப்புறம் அவன் அழுகையை நிறுத்த அவள் கீழே போய் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் வாங்கிவந்தாள். அன்று முழுக்க அவன் வயிற்றுக்குள் போனது அதுவும், காலையில் டீயில் நனைத்த ஒரு பன்னும்தான்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலோடு கெட்டியான உணவும் வேண்டும், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், இடையில் தின்பதற்கும் ஏதாவது வேண்டும் என்று உங்கள் சுவரொட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. அந்தப் படத்தில் குழந்தையை மடியில் வைத்து ஊட்டும் ஒரு பெண் இருக்கிறார். எங்கள் பிளாக்கில் பகல் முழுக்க அந்த இடம்தான் காலி. அங்கன்வாடியில் வைத்துக்கொள்வது இரண்டு வயதுக்கு மேல்தான், அதுவும் பிற்பகலோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மாவுப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். இப்போது அதையும் வாங்க அம்மா நேரில் வந்து போனில் முகம் காட்டிப் பதிய வேண்டும் என்கிறார்கள். முகம் காட்ட ஒருநாள் சம்பளம் போகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு மறுகுடியமர்வுக் குடியிருப்பிலும், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை முழுநேரக் காப்பகம் திறந்துவையுங்கள்.

இந்தப் பெண்கள் வேலைக்கு இவ்வளவு தூரம் போவது அவர்கள் ஆசைப்பட்டுச் செய்ததும் இல்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் ஓரத்தில் அடுக்குமாடிகளைக் கட்டியது அரசு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதும் அரசு. ஆற்றோரம் இருந்தபோது இரண்டு தெரு தாண்டினால் வேலை செய்யும் வீடு. பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாட்டியோ சித்தியோ பக்கத்துக் குடிசையில் இருப்பார். இங்கே குலுக்கலில் வீடு விழுந்ததில் பாட்டி ஒரு பிளாக், பேரன் ஒரு பிளாக், நடுவில் ஓடாத லிஃப்ட். மகளிருக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்ல விஷயம், நன்றியோடு சொல்கிறோம். ஆனால் பஸ்ஸில் கழியும் மூன்று மணி நேரத்தை அது திருப்பித் தராது.

அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. வேண்டியதுதான், எந்தத் தாய்க்கும் வேண்டியதுதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. வீட்டு வேலை செய்பவரின் முதலாளி வீட்டில் நான்கு பேர் இருப்பார்கள். அவருக்கு எந்தச் சட்டம்? பிரசவித்த மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.

இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. கட்டட வேலை நடக்கும் இடங்களில் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த முடியும் என்று டெல்லியில் 1969இலேயே ஒரு தொண்டு அமைப்பு செய்து காட்டியது. மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு இடம் இருக்கிறது. மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம். அது எங்கள் பெண்களுக்குப் போதாது, ஆனாலும் தொடங்க அது போதும், மீதி நேரத்துக்கு மாநில அரசு கைகொடுக்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருக்கும் குடிசைப் பகுதி கேட்டால் மூன்று மாதத்தில் அங்கன்வாடி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. எங்கள் ஒரு பிளாக்கிலேயே 40 பிள்ளைகள் தேறுவார்கள். மெலிந்த பிள்ளைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. அந்த 800 கலோரியும் பாக்கெட்டில் வந்து சேர்ந்தாலும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டாமா?

இன்னொன்று, தயவுசெய்து இதை இருக்கிற அங்கன்வாடி அக்காக்களின் தலையில் கட்டிவிடாதீர்கள். கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், செல்போன் பதிவு என்று அவர்களை நீங்கள் ஏற்கெனவே பிழிந்தெடுக்கிறீர்கள். காப்பகத்துக்குத் தனி ஆள் போடுங்கள், முறையான சம்பளம் கொடுங்கள். இதே குடியிருப்பில் வேலை தேடும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1982இல் சத்துணவை ஊர் ஊராகக் கொண்டுபோன மாநிலம் இது. அப்போதும் பணம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இருந்தும் நடந்தது. அந்த நம்பிக்கையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுநேரக் காப்பகம். எங்கள் குடியிருப்பிலிருந்தே தொடங்கலாம். தரைத்தளத்தில் இரண்டு அறைகள் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கின்றன. எந்தத் துறையிடம் சாவி இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திறந்துவிடுங்கள். கூட்டிப் பெருக்கி வெள்ளையடித்துத் தர நாங்கள் இருக்கிறோம். அதுவரை, எடை பார்க்கும் நாளில் எந்தத் தாயையும் நாலு பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டக்கூடாது என்று உங்கள் ஆட்களுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பணமோ ஆளோ தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

இப்படிக்கு,
போர்டு குடியிருப்பில் மாலை வகுப்பு எடுக்கும் ஒரு பெண்