தோணியின் மூக்கு மேலே வளையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வடஅமெரிக்கப் பழங்குடிகள் பற்றிய கட்டுரையில் க்துனாகா மக்களுக்கு அரைப்பக்கம் கிடைத்திருந்தது. அந்த அரைப்பக்கத்தில் பிழைகள் கொஞ்சம் அதிகம்.

பெயரே ‘க்டுனாக்ஸா’ என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியதால் வந்த வினை. அவர்கள் மொழியில் அந்த இடத்தில் ‘க்ஸ்’ ஒலி இல்லை. ‘அகம்’ என்னும்போது வரும் க-வை இன்னும் கொஞ்சம் தொண்டைக்குள் இறக்கினால் அந்த ஒலி வந்துவிடும். தமிழில் ‘க்துனாகா’ என்றாலே போதும்.

வரைபடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள நான்கு ஊர்களோடு நின்றுவிட்டது. எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவில், ஐடஹோவின் போனர்ஸ் ஃபெர்ரியிலும் மொன்டானாவின் எல்மோவிலும் இருப்பவர்கள் இதே மக்கள்தான். ஐடஹோவில் இருந்த 67 பேர் 1974 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மீது போர் அறிவித்தார்கள். துப்பாக்கி தூக்கவில்லை, நெடுஞ்சாலையில் வண்டிக்கு 10 சென்ட் வசூலித்தார்கள். அதன் பிறகுதான் 12.5 ஏக்கர் நிலமாவது கைக்கு வந்தது.

பெரிய பிழை தோணிப் படம். இரு முனையும் மேலே வளைந்த பிர்ச் பட்டைத் தோணியை வரைந்திருக்கிறார் ஓவியர். க்துனாகா தோணியின் முனைகள் கீழ்நோக்கிச் சரிந்து, ஸ்டர்ஜன் மீனின் மூக்குபோல் நீர்மட்டத்தில் கூராக முடியும். கோரை மண்டிய சதுப்பில் அந்த மூக்கு வழி பிளந்து போகும். மேலே தூக்கிய முனை இல்லாததால் காற்றும் அவ்வளவாகப் பிடிக்காது. பட்டை பெரும்பாலும் வெள்ளைப் பைன் மரத்தினுடையது. மரத்தில் சாறு ஏறும் வசந்தகாலத்தில் உரித்தால் ஒரே தாளாகக் கழன்று வரும். பருவம் தப்பினால் கட்டையோடு ஒட்டிக்கொண்டு கிழியும். உரித்த பட்டையின் உட்புறம் வெளியே வரும்படி மடிப்பார்கள், வழவழப்பான பக்கம் தண்ணீரில் படட்டும் என்று. விளிம்புச் சட்டத்துக்கும் வங்குக்காலுக்கும் (தோணிக்குள் விலா எலும்புபோல் வளையும் சட்டம்) சீடர் போன்ற மரம், தைக்க வேர், அடைக்கப் பிசின். கிளைக்கணு இருந்த இடமெல்லாம் ஒழுகும், அங்கே பிசின் கூடுதலாக வேண்டும். பிசினைத் தனியாகப் பூசினால் குளிரில் வெடித்துவிடும். கொழுப்பு கலந்தால் நெகிழும், அளவு மிஞ்சினால் வெயிலில் வழியும்.

பொருளாதாரம் என்றால் சூதாட்ட விடுதி மட்டும்தானா? கிரான்புரூக் அருகே உள்ள அந்தக் கட்டடம் கட்டுரை சொல்வதுபோல் ‘பழைய மடம்’ அல்ல. 1912 முதல் 1970 வரை பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளி. க்துனாகா மக்கள் அதை இடிக்காமல் விடுதியாக்கி 2003-இல் திறந்தார்கள்.

போனர்ஸ் ஃபெர்ரியில் அவர்கள் நடத்தும் ஸ்டர்ஜன் குஞ்சு பொரிப்பகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1970-களில் மொன்டானாவில் வந்த லிபி (Libby) அணை கூட்டனே ஆற்றின் வசந்தகால வெள்ளத்தை நிறுத்தியதிலிருந்து, அந்த மீனின் முட்டைகள் மணலில் மூச்சுமுட்டிச் சாகின்றன. பசைபோல் ஒட்டும் முட்டை அது, கல்லில் பற்றிக்கொண்டால்தான் பிழைக்கும். பொரிப்பகங்களிலும் அந்தப் பசைதான் தொல்லை: முட்டைகள் கட்டியாகச் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். களிமண் கரைசலில் அலசிப் பசையை எடுப்பது வழக்கம். பெண் மீன் சினைப்பருவம் எட்டவே சுமார் 30 ஆண்டு ஆகும்.

திருத்தம் போடும்போது பெயரோடு நிறுத்திவிடாமல், தோணிப் படத்தையும் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்