முதல் சரவுண்ட் செற்றுக்கு ரிசீவர் எடுப்பவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "இது எத்தனை வாற்?" ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் அம்ப் பெட்டி) பார்க்க வருபவர்கள் அநேகமாக முதலில் கேட்பது இதைத்தான். பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள வாற் கணக்கைப் பார்த்து மட்டும் காசு கொடுக்காதீர்கள். 145 வாற் என்று போட்டிருக்கும்; கீழே பொடி எழுத்தில், ஒரே ஒரு சனலை (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழியை) ஓடவிட்டு, 6 ஓம் ஸ்பீக்கர் தடையில், 1 கிலோஹேர்ட்ஸில் அளந்தது என்றிருக்கும். ஐந்து சனலும் சேர்ந்து ஓடும்போது அது வராது. 8 ஓமில், 20 ஹேர்ட்ஸ் முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரை, இரண்டு சனல் ஓடும்போது எவ்வளவு என்ற வரியைத் தேடுங்கள். அதில் 70 வாற் இருந்தால் 12க்கு 14 அடி ஹோலுக்குத் தாராளம். வாற் இரண்டு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபெல் சத்தம்தான். ஒரே வாற்றுக்கு 86 டெசிபெல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 டெசிபெல் ஸ்பீக்கர் எடுத்தாலே அந்த 3 கிடைத்துவிடும். ஆகவே ரிசீவரில் மிச்சம் பிடித்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் (அடிச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) கூடச் செலவழியுங்கள்.

முதல் செற்றுக்கு 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், போதும். மேலே அடித்துச் சீலிங்கில் பட்டுத் திரும்பும் அற்மொஸ் ஸ்பீக்கருக்கு மட்டமான, கெட்டியான சீலிங் வேண்டும். ஓட்டுக் கூரை வீட்டில் அது வீண் செலவு.

வாற்றை விட முக்கியம் பின்பக்கத்துத் துளைகள். உங்கள் ரீவியில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், ரீவிக்குள் ஓடும் யூரியூப், நெற்ஃபிளிக்ஸ் சத்தம் அதே கேபிளால் ரிசீவருக்கு இறங்கும். ரீவி, ரிசீவர் இரண்டின் மெனுவிலும் சி.இ.சி.யை (ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஓன் பண்ணாவிட்டால் பெரும்பாலும் சத்தம் வராது. "ரிசீவர் பழுது" என்று தூக்கி வரும் செற்றுகளில் சிலவற்றுக்கு இவ்வளவுதான் வருத்தம். புளூ-ரே பிளேயரின் முழுத்தரச் சத்தம் ரீவி வழியாக வர ஏ.ஆர்.சி.யின் புதிய வகையான 'ஈ-ஏ.ஆர்.சி.' வேண்டும்; இல்லையென்றால் பிளேயரை நேரே ரிசீவரில் கொழுவுங்கள். 4 கே ரீவி வைத்திருப்பவர்கள் ரிசீவரில் எச்.டி.சி.பி. 2.2 (4 கே படத்தின் கொப்பிப் பூட்டைத் திறக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். 2015க்கு முந்திய ரிசீவர்களில் பெரும்பாலும் இராது. இல்லாவிட்டால் 4 கே படத்துக்குத் திரை கறுப்பாக நிற்கலாம். அப்படியொரு பழைய ரிசீவர் கையில் இருந்தால் எறிய வேண்டாம். பிளேயரை ரீவிக்குக் கொடுத்து, ரீவியிலிருந்து ஒப்ரிக்கல் கேபிளால் ரிசீவருக்கு எடுங்கள். பல ரீவிகளில் சாதாரண டொல்பி 5.1 அதில் வரும். புளூரூத்தில் மட்டும் 5.1 எதிர்பார்க்காதீர்கள், அது இரண்டு சனல்தான்.

அடுத்தது கனடாச் செற். சொந்தக்காரர் பார்சலில் அனுப்பியது, நல்ல கொம்பனி, புத்தம் புதிது. ஆனால் பின்தகட்டில் '120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்' என்று இருக்கும். பிளக்கை மாற்றி எங்கள் 230 வோல்ற்றில் குத்தினால் நல்லகாலமிருந்தால் உள்ளே பியூஸ் போகும், இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமரே எரியும். சில செற்றில் பின்னால் வோல்ற்றேஜ் மாற்றும் திருகு இருக்கும். கனடாவில் விற்றவற்றில் பெரும்பாலும் இராது. இதற்கு வோல்ற்றைக் குறைக்கும், இரும்பு நடுவில் கம்பி சுற்றிய ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர்தான் சரி. தலைமயிர் உலர்த்திக்கு விற்கும் சின்னப் பயணக் கொன்வேற்றர் ஆகாது. தகட்டில் 300 வாற் என்றால் 500 வி.ஏ. (ட்ரான்ஸ்போமர் தாங்கும் அளவு) எடுங்கள், செற்றைக் குத்த முன் வெளியே வரும் வோல்ற்றை மீற்றரால் அளந்து பாருங்கள். 60 ஹேர்ட்ஸுக்குக் கட்டிய செற் 50 ஹேர்ட்ஸில் கொஞ்சம் கூடச் சூடாகும், காற்றோட்டம் கூட விடுங்கள். லண்டன், பிரான்ஸ், சுவிஸ் செற்றுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, பிளக் மட்டும்தான் பொருந்தாமல் இருக்கலாம்.

பழைய ஹோம் தியேட்டர் பெட்டி செற்றின் ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் கொழுவலாமா என்று கேட்கிறீர்கள். ஸ்பீக்கரின் பின்னால் 3 ஓம் அல்லது 4 ஓம் என்று இருந்தால் வேண்டாம். மலிவு ரிசீவர்கள் 6 முதல் 8 ஓமுக்குக் கட்டியவை. சத்தம் கூட்டியதும் சூடேறி, தன்னைக் காப்பாற்ற 'புரொடெக்ட்' காட்டி நிற்கும். அந்தச் செற்றின் சப்வூஃபரும் உதவாது. ரிசீவரின் சப் துளையில் வருவது மெல்லிய சிக்னல் மட்டும். கறண்டில் நேரே குத்தும், அம்ப் உள்ளேயே இருக்கும் சப் வேண்டும்.

வயரிங்குக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும். ஒரு பக்கம் 15 மீற்றருக்கு மேல் ஓடினால் 2.5 எடுங்கள். சிவப்புக் கறுப்பு மெல்லிய வயர்களில் பல, அலுமினியத்துக்கு மேல் செப்புப் பூசியவை. கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். 1 சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஒரு மயிரிழைக் கம்பி பக்கத்து முனையில் தொட்டாலும் ரிசீவர் 'புரொடெக்ட்' போய்விடும். ஒரு ஸ்பீக்கரில் கூட்டல் கழித்தல் மாறினால் பழுதாகாது, ஆனால் அடிச் சத்தம் செத்துப் போகும்.

சென்ரர் ஸ்பீக்கர் ரீவிக்கு நேர் கீழே, காதைப் பார்த்து. சரவுண்ட் இரண்டும் செற்றிக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, காது மட்டத்துக்குச் சற்று மேலே. பின்சுவர் மூலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் என்ன செற்றானாலும் எடுபடாது. பிறகு ரிசீவரோடு வரும் மைக்கைக் கொழுவி ஒட்டோ செற்றப்; ரிசீவர் தானே ஸ்பீக்கர்களை அளந்து சரிசெய்யும். டெனன் இதை ஓடிசி என்கிறது, யமஹா வைப்பாவோ என்கிறது, வேலை ஒன்றுதான். மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள்; ஸ்ராண்டில் காது உயரத்தில் வைத்து, சீலிங் ஃபானை நிறுத்தி, யன்னலைச் சாத்திவிட்டு ஓடவிடுங்கள். 'ஃபேஸ் பிழை' (கூட்டல் கழித்தல் மாறியிருக்கலாம்) என்று காட்டினால் வயரைப் பாருங்கள். சரியாக இருந்தால் பொருட்படுத்தாமல் தொடரலாம். முடிந்ததும் மெனுவில் ஒருமுறை பாருங்கள்: சின்ன ஸ்பீக்கர்களுக்கும் 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மோல்' ஆக்கி, குறொஸ்ஓவரை (அடிச் சத்தத்தைப் பிரித்து சப்புக்கு அனுப்பும் எல்லை) 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். சப்பில் உள்ள குறொஸ்ஓவர் திருகைக் கடைசிவரை கூட்டிவிடுங்கள், இரண்டு இடத்தில் வெட்டத் தேவையில்லை.

கண்ணாடிக் கதவுள்ள ஷோகேஸுக்குள் ரிசீவரை அடைக்காதீர்கள். மேலே 10 சென்ரிமீற்றராவது வெளி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வயரால் இறங்கி, எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவரின் உள்ளே உள்ள சேர்க்கிற் போர்டை எரிப்பது இங்கே அடிக்கடி நடப்பது. அந்தப் போர்டின் விலைக்குப் பழைய ரிசீவர் ஒன்றே வாங்கலாம்.

கடைக்கு வரும்போது ரீவியின் பின்பக்கத்தை ஃபோனில் படமெடுத்து, ஹோலின் நீள அகலத்தையும் அளந்து வாருங்கள். வெளிநாட்டுச் செற் என்றால் பின்தகட்டையும் ஒரு படம் எடுங்கள். செற்றைத் தூக்கி வரத் தேவையில்லை.

அன்புடன்,
கடையினர்,
யாழ்ப்பாணம்