வான்டன் மீயைக் கடையிலேயே உண்பது நல்லது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் வான்டன் மீயை, அதாவது மெல்லிய மாவுத்தாளில் இறைச்சிப் பூரணம் வைத்து மடித்த வான்டன்களோடு தரப்படும் சீன நூடல்ஸை, பொட்டலமாக வாங்கிச் செல்வோரைப் பார்க்கையில், அவசரம் எனக்கும் உண்டு என்றாலும், சற்று வருத்தமாகவே இருக்கிறது. காரத்தன்மை (alkaline) கொண்ட நீர் சேர்த்துப் பிசைந்த அந்த மெல்லிய முட்டை மீயைக் கொதிநீரில் சில விநாடிகள் மட்டும் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் அலசி, மீண்டும் வெந்நீரில் முக்கி, நீரை நன்றாக உதறிய பிறகே கடைக்காரர் எண்ணெயிலும் மிளகாய்ச் சாந்திலும் புரட்டுகிறார்; பல்லுக்கு இதமான அந்த விறைப்பு, தட்டு மேசைக்கு வந்த சில நிமிடங்களுக்குத்தான் நிற்கும். மூடிய பெட்டிக்குள் மீ ஒட்டிக்கொள்கிறது, பொரித்த வான்டனோ ஆவியில் நமத்துப்போகிறது. காடியில் ஊறிய பச்சை மிளகாய் ஒன்றுதான் வீடுவரை தன் குணத்தோடு வந்து சேர்கிறது!

தள்ளுவண்டிக் காலத்தில், உதவியாள் மூங்கில் துண்டுகளைத் தட்டியபடி தெருவில் நடந்து, கேட்டவர் வீட்டு வாசலுக்கே சுடச்சுடக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஓசையே 'தொக் தொக் மீ' என்ற பெயரைத் தந்தது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் கலாசார மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது, மகிழ்ச்சிதான். ஆயினும் கைப்பக்குவம் பட்டியலில் தங்குவதில்லை என்பதால், மூத்த கடைக்காரர்கள் அடுப்பை அணைக்குமுன் அவர்களைச் சந்தித்துத் தங்கள் நாளிதழில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சிங்கப்பூர்