செயலாளரின் ஆண்டறிக்கை 2024: எண்ணூர் முகத்துவாரம், எண்ணெய்க் கசிவுக்குப் பிந்தைய கல்விப் பணி

தலைவர் அவர்களே, கிராம நிர்வாகிகளே, மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் வந்த எண்ணெய், படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரங்கள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிய பிறகும் இதே எண்ணூர்க் கரையில் வாளியும் கையுமாகத்தான் அள்ளினோம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்ல இரண்டு முறையும் ஆளில்லை. இவ்வாண்டு வகுப்புகள் அந்த வரிசையைச் சொல்லித் தருவதற்காகவே நடந்தன. பள்ளிக்கூடத்தில் வைத்தால் யாரும் வருவதில்லை. ஏலம் முடிந்த கையோடு ஏலக்கூடத்திலேயே நடத்தினோம்.

முதல் பாடம், கழுவுமுன் பதிவு. பலர் வலையைக் கழுவிவிட்டு மனு எழுத உட்கார்ந்தார்கள். காட்ட எதுவும் மிஞ்சவில்லை. படகின் பதிவு எண் தெரிய நாற்புறமும் படம் எடுக்க வேண்டும். வலையை விரித்து, பக்கத்தில் அளவு நாடா வைத்து எடுக்க வேண்டும். வலையின் வகை, எத்தனை கிலோ என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும்; மூலப்படம் போனிலேயே இருக்கட்டும். மனு இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை.

அரசு நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. ஆற்றில் கையால் தடவி இறால் பிடிப்போருக்கும் கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கும் படகு எண் ஏது? அவர்கள் தொழிலுக்குச் சான்றாக ஏலத் துண்டுச்சீட்டு, ஐஸ் ரசீது, நலவாரிய அட்டை, குழுக் கடன் பாஸ்புத்தகம் ஆகியவற்றை ஒரே உறையில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

இரண்டாவது, உடம்பு. துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைக்கும், சாதா ரப்பர் ஊறி இளகும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான் தாங்கும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். தலைவலி, குமட்டல் வந்தால் வேலையை விட்டு வெளியேற வேண்டும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் பக்கத்திலேயே வரக்கூடாது. தோலில் பட்டதைப் பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். பழந்துணியால் வழித்து, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு. எண்ணெய் புகுந்த தொட்டித் தண்ணீரைக் காய்ச்சினாலும், பிளீச்சிங் பவுடர் போட்டாலும் எண்ணெய் போகாது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

வலையை மண்ணெண்ணெயில் முக்கினால் பசை கரையும், வாடை நூலில் தங்கி அடுத்த முறை பிடிக்கும் மீனில் ஏறும். எண்ணெய் மிதக்கும் நீரில் படகுக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை முடுக்கினால் குளிர்விக்கும் நீரோடு கசடும் உள்ளே போய் அடைத்து, எஞ்சின் சூடேறி நிற்கும்.

கரை சுத்தத்தில் மேல்மண்ணை மட்டும் மண்வெட்டியால் வழிக்க வேண்டும். ஜேசிபி இறங்கினால் எண்ணெய் அடிமண்ணுக்குப் போகும். அலையாத்திச் சேற்றில் நடப்பதும் அதே கேடுதான், மூச்சுவேரும் முறியும். ஆற்றில் சோப்புத்தூள் கொட்டினால் எண்ணெய் கண்ணுக்கு மறையும், நண்டுக்கும் இறாலுக்கும் மறையாது. அள்ளியதை இரட்டைப் பையில் பாதியளவே நிரப்பித் தார்ப்பாயின்மேல் வைக்க வேண்டும்; நிறைத்த பை தூக்கும்போது கிழியும். புதைக்கவோ கொளுத்தவோ கூடாது, அது அபாயக் கழிவு. எண்ணெய் அப்பிய நாரையைக் குளிப்பாட்டாமல், துணி போர்த்திக் காற்றோட்டமான பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லவும்.

குறை ஒன்று: வகுப்பில் கொடுத்த கைப்பிரதியின் எழுத்து நெருக்கமாக இருப்பதாகப் பெரியவர்கள் சொன்னது நியாயம். அடுத்த ஆண்டு படங்களோடு சுவரொட்டியாகப் போட்டு, ஒவ்வோர் ஏலக்கூடத்திலும் ஒட்டுவோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

செயலாளர்