துப்பாக்கியும் பீரோ சாவியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். வேறு சாக்கு சொன்னால் நீ நம்பவா போகிறாய்? இங்கே எல்லோரும் சுகம். அம்மா போன பிறகு வீடு வெறிச்சென்றுதான் கிடக்கிறது, பழகிக்கொண்டு வருகிறோம்.

பெயரைக் கேட்டு ஏதோ பக்திப் படம் என்று நீ ஒதுக்கிவிட்ட 'கிஷ்கிந்தா காண்டம்' படத்தைப் போன வாரம் இரண்டாம் தடவை பார்த்தேன். 2024 ஓணத்துக்கு வந்த மலையாளப் படம். காட்டோரம் ஒரு பழைய வீடு, சுற்றிலும் குரங்குகள். பட்டாளத்தில் இருந்து வந்த அப்பு பிள்ளை, அவர் மகன் அஜயன். அஜயனின் முதல் மனைவி இறந்துவிட்டாள், பையன் சாச்சு காணாமல் போய்விட்டான். இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வரும் அபர்ணாவோடு சேர்ந்துதான் நாமும் அந்த வீட்டுக்குள் நுழைகிறோம். தேர்தல் வருகிறது, லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பெரியவரின் துப்பாக்கியைக் காணோம்.

துப்பாக்கி எங்கே என்பதைவிட, பெரியவருக்கு ஞாபகம் தப்புகிறது என்பதும் அதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார் என்பதும்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. கொல்லையில் எதையோ போட்டு எரிக்கிறார். மருமகள் ஒதுங்கி நின்று பார்க்கிறாள். அவளுக்கு மாமனார் மேல் சந்தேகம், அப்புறம் புருஷன் மேலும்.

எங்கள் அப்பாவின் கடைசி இரண்டு வருஷம் உனக்குத் தெரியும். இதை மட்டும் நான் சொன்னதில்லை. ஒருநாள் பீரோ சாவியைக் காணோம் என்று என் வீட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அவள் அழுதுகொண்டே சமையலறைக்குப் போனாள். மறுநாள் அரிசி டின்னுக்குள் படியை விட்டால் 'டங்' என்று சத்தம். சாவி! கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். "நான்தானே அங்க வைக்கச் சொன்னேன்" என்றார். அப்போது அந்த முகத்தில் இருந்த பயத்தை நான் கவனிக்கவில்லை, கோபம்தான் வந்தது. அப்பு பிள்ளையைப் பார்த்தபோதுதான் அது பயம் என்று உறைத்தது.

நடித்தவர் விஜயராகவன். மலையாள 'காட்ஃபாதர்' படத்தில் அஞ்ஞூறானாக வந்தாரே என்.என்.பிள்ளை, அவருடைய மகன். அஜயனாக வரும் ஆசிப் அலி சத்தமே இல்லாமல் கூட நிற்கிறார். கதை எழுதிய பாகுல் ரமேஷ்தான் ஒளிப்பதிவும், அதனாலோ என்னவோ அந்தக் காடும் நம்மிடம் எதையோ மறைக்கிற மாதிரியே இருக்கிறது. ஒரு குறை, கடைசியில் உட்கார்த்திவைத்து வாயாலேயே நிறைய விளக்குகிறார்கள்.

பெயர் குரங்குகளுக்காக மட்டும் வைத்ததில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். குகைக்குள் போன வாலி செத்துவிட்டான் என்று நினைத்துத்தானே சுக்ரீவன் வாசலை அடைத்தான்? தம்பிக்குத் துக்கம், திரும்பி வந்த அண்ணனுக்குச் சந்தேகம். நீதான் கம்பனில் ஊறியவன், சரியா என்று சொல்.

முடிவை எழுத மாட்டேன். யாரிடமும் கேட்காமல் ராத்திரியில் உட்கார்ந்து பார். தங்கச்சியையும் கூட வைத்துக்கொள், அவள் உனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

உன்
மச்சான்