ஒயின் பெட்டி வாங்குவோர் பார்க்க வேண்டிய எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு ஒயின் குளிர்பெட்டிகளுக்கான தள்ளுபடி விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவன இரண்டுதான்: எத்தனை போத்தல் கொள்ளும், என்ன விலை. சிங்கப்பூர் வெயிலில் அது உருப்படியாக வேலை செய்யுமா என்ற விவரமோ பெட்டியின் தகட்டில் பொடி எழுத்தில் கிடக்கிறது. குளிரூட்டும் முறை, பருவநிலை வகுப்பு, அறை 32 டிகிரியில் இருக்கும்போது பெட்டி எட்டும் வெப்பநிலை ஆகிய மூன்றையும் கடைகள் விலைச்சீட்டிலேயே அச்சிட வேண்டும். அதுவரை வாங்குவோர்தாம் கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலிவான சிறிய பெட்டிகளில் பல பெல்டியர் வகை. கம்ப்ரசர் இருக்காது. மின்சாரம் பாய்ந்ததும் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சூடாகும் சிறு தகடும் விசிறிகளும் மட்டுமே உண்டு. சத்தம் குறைவு, அதிர்வு இல்லை என்று விற்பனையாளர் சொல்வது உண்மைதான். ஆனால், இந்த வகை அறை வெப்பத்தைவிட ஏறக்குறைய 12 முதல் 15 டிகிரி வரைதான் இறக்கும். பிற்பகலில் அறை 32 டிகிரி என்றால் உள்ளே 17 அல்லது 20. பொத்தானை அழுத்தி 12 என்று வைத்தாலும் இதுதான் நிலைமை. சில மாடல்களின் முகப்பு நாம் வைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருப்பதால் குறை கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

இதைவிடக் கெடுதல், ஏற்ற இறக்கம். இரவில் அறை 25 டிகிரிக்கு வந்தால் பெட்டி 12ஐத் தொடும். மறுநாள் பிற்பகல் 18க்கு ஏறும். ஏறும்போது ஒயின் விரிந்து கார்க்கை அழுத்தும், இறங்கும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மாதக்கணக்கில் இது நடந்தால் ஒயின் வேகமாக மூப்படையும். நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் அறையில் பெல்டியர் பெட்டி தாக்குப்பிடிக்கும். வேலைக்குப் போகும்போது குளிரூட்டியை அணைத்துவிட்டுப் போகும் வீட்டில் அது வீண் செலவு. ஓயாமல் ஓடுவதால் மின்சாரமும் மிச்சமாகாது.

ஆகவே கம்ப்ரசர் வகையே நமக்குச் சரி. அதிலும் பெட்டியின் விவரத் தகட்டில் உள்ள பருவநிலை வகுப்பு எழுத்தைப் பார்க்க வேண்டும்; எவ்வளவு வெப்பமான அறையில் அது சரியாக ஓடும் என்று அந்த எழுத்தே சொல்லும். ‘எஸ்என்’ (SN) 10 முதல் 32 டிகிரி வரையிலும், ‘என்’ (N) 16 முதல் 32 வரையிலும் உள்ள அறைகளுக்கு. ‘எஸ்டி’ (ST) 38 வரை, ‘டி’ (T) 43 வரை தாங்கும். 32 என்பது நம் பிற்பகலின் சாதாரண அளவு. அடுப்புக்குப் பக்கத்திலோ மேற்கு வெயில் விழும் பால்கனியிலோ அதைத் தாண்டிவிடும். ‘எஸ்டி’ அல்லது ‘டி’ இல்லாத பெட்டியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வைக்கக் கூடாது. குண்டுவீச்சுப் பாதுகாப்புக்காக வீட்டுக்குள் கட்டிய, கதவை மூடினால் காற்றுப் போகாத புகலிட அறையில் எந்த வகுப்புப் பெட்டியும் வேண்டாம்.

வைக்கும் விதத்தில் நடக்கும் பிழைகளால்தான் நல்ல பெட்டிகளும் சாகின்றன. தனித்து நிற்கும் வகை, வெப்பத்தைப் பின்புறமோ பக்கவாட்டிலோ வெளிவிடும். அதைத் தச்சர் செய்த அலமாரிக்குள் திணித்தால் வெப்பம் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும், கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால் பின்னாலும் மேலேயும் 10 செ.மீ., பக்கங்களில் 5 செ.மீ. விட வேண்டும். அலமாரிக்குள் பதிக்கும் வகைக்குக் கீழே முன்பக்கம் காற்றுச் சல்லடை இருக்கும். புதுப்பிப்பு வேலை செய்பவர் அழகுக்காக அடிப்பலகை வைத்து அதை மறைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்புறம் ‘குளிரவே இல்லை’ என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

‘30 போத்தல்’ என்ற கணக்கு, சுமார் 7.5 செ.மீ. விட்டமுள்ள 750 மி.லி. போர்தோ என்ற ஒல்லியான வடிவப் போத்தலை வைத்துப் போட்டது. பர்கண்டிப் போத்தல் அதைவிட அகலம், ஷாம்பெய்ன் 9 செ.மீ.யை நெருங்கும். கலந்து வைத்தால் 22, 23 கொண்டாலே பெரிது. தட்டுகளை வெளியே இழுத்துப் பாருங்கள். மேல்தட்டின் அடியில் போத்தல் தோள் உரசி லேபிள் கிழிவது கடையிலேயே தெரிந்துவிடும்.

நம் ஈரப்பதத்தில் ஒற்றைக் கண்ணாடிக் கதவு வியர்த்துக் கொட்டும். இரட்டைக் கண்ணாடி கட்டாயம். உள்ளே பின்சுவரில் நீர் படிவது இயல்பு. அது சிறு துளை வழியே கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுந்து ஆவியாகும். அடித்தளத்தில் நீர் தேங்கினால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். மெல்லிய நெகிழிக் குழாயை விட்டு வெதுவெதுப்பான நீரைச் செலுத்தினால் போதும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை.

இரட்டை வெப்பப் பகுதிக்கு, அதாவது ஒரே பெட்டியில் இரு வேறு வெப்பநிலை வைக்கும் வசதிக்கு, கூடுதல் பணம் கொடுப்பது பெரும்பாலோர்க்குத் தேவையற்றது. சிவப்போ வெள்ளையோ, சேமித்து வைக்க 12, 13 டிகிரி பொருந்தும். பரிமாறும் முன் சிவப்பை அரை மணி நேரம் மேசையில் வைக்கலாம், வெள்ளையைச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றலாம். வாங்கிய ஓரிரு மாதத்தில் குடித்து முடிப்பவர்களுக்கு ஒயின் பெட்டியே வேண்டாம். திருகுமூடிப் போத்தல்களுக்குக் கார்க் உலருமே என்ற கவலையும் கிடையாது.

பெட்டி வந்ததும் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெய் கீழிறங்க 24 மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். பிறகு ஒரு நாள் காலியாக ஓடவிட்டு, தண்ணீர் நிரப்பிய இரண்டு ஒயின் போத்தல்களை மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் வையுங்கள். மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு அந்தத் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். கதவைத் திறந்ததும் காற்று மாறிவிடும், தண்ணீர் அப்படி மாறாது. வைத்த அளவிலிருந்து 2 டிகிரிக்கு மேல் விலகினாலோ மேலுக்கும் கீழுக்கும் 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டாலோ, மாற்றித் தரும் கெடு முடியுமுன் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
குளிர்சாதனப் பழுதுபார்ப்பாளர்,
ஜூரோங்.