நாயை விட்டிட்டுப் போற இடத்தில பிரம்பு இருக்கக் கூடாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஆடி ஆவணி வந்தா திருகோணமலையில உவர்மலை, உப்புவெளிப் பக்கம் கனக்க வீடு பூட்டித்தான் கிடக்கும், நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம், இல்லாட்டி விசா அலுவல், கிளினிக் எண்டு நைட் மெயில் ரெயில்ல கொழும்பு. வீட்டு நாய்க்கு ஒரு சட்டி சோத்தை வச்சிட்டு பக்கத்து வீட்டு அக்காட்ட சொல்லிப்போட்டுப் போறதுதான் இவ்வளவு காலமும் வழக்கம். அதால இப்ப ஊருக்குள்ள காசுக்கு நாய் பாக்கிற ஆக்கள் வரத் தொடங்கினதை நான் மனசார வரவேற்கிறன், பகல்ல மட்டும் பாக்கிற டே கேரும் வேணும், இரவு தங்க வைக்கிற போர்டிங்கும் வேணும். ஆனா நாங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு எண்டு மட்டும் கேட்டுப்போட்டு நாயை இறக்கி விட்டிட்டு வாறம், அதுதான் எனக்குப் பயம்.

உங்கட நாயிட ஊசிக் கார்டைக் கேக்காத இடம் அங்க நிக்கிற மற்ற நாயளிட கார்டையும் கேட்டிருக்காது. விசர்நாய் ஊசி அரசாங்கம் இலவசமா போடுறது, அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு கன பேர் நினைக்கினம், பார்வோ, டிஸ்டெம்பர் எண்டு நாயளுக்குத் தொத்துற வருத்தங்களுக்கு வேற ஊசி, அதுவும் விடுறதுக்கு முதல் நாள் போட்டுப் பிரயோசனமில்லை, உடம்பில பிடிக்க ஒண்டு ரெண்டு கிழமை வேணும். பார்வோக் கிருமி மண்ணில மாசக்கணக்கில கிடக்கும். இரத்தமா வயித்தால போய் குட்டியள் சாகிறது அதாலதான்.

பிறகு இடத்தை உள்ள போய்ப் பாருங்கோ. கச்சான் எண்ட சூடான மேல்காத்து அடிக்கிற மாசங்கள்ல தகரக் கூரைக்குக் கீழ நாயைக் கட்டினா அது அவிஞ்சு போயிடும், நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இளைச்சுத்தான் சூட்டைத் தணிக்கும். இரவில ஆர் நிக்கிறது எண்டும் கேளுங்கோ, கேற்றைப் பூட்டிப்போட்டு வீட்ட போறவை எண்டா அது போர்டிங்கே இல்லை.

எல்லாத்தையும் விட முக்கியமாக் கேக்க வேண்டியது, அங்க நாய்க்கு அடிக்கிறவையோ எண்டு. "விட்டிட்டுப் போங்கோ, பழக்கித் தாறம்" எண்டு சொல்லுற இடங்கள்ல எப்பிடிப் பழக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. எங்கட ஒழுங்கேல ஒரு வீட்டு நாய் அப்பிடி ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்தது, முந்தி ஆக்களைக் கண்டா குலைக்கும், இப்ப சத்தமே இல்லை எண்டு வீட்டுக்காரருக்குச் சந்தோசம், ஆனா ஆரும் தலை சொறியக் கையைத் தூக்கினாலும் அந்த இடத்திலயே மூத்திரம் போய்ச் சுருண்டு படுக்குது. உறுமுறதுக்கு அடி வாங்கின நாய் உறுமுறதைத்தான் விடும், பயத்தை விடாது, பிறகொரு நாள் சத்தமில்லாமல் கடிக்கும், அந்தக் கடி அனேகமா வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத்தான். 2020ல வெளிவந்த போர்த்துக்கல் ஆய்வொண்டில 92 நாயளைப் பாத்திருக்கினம், அதட்டியும் வலிக்கப் பண்ணியும் பழக்கின நாயளுக்கு பயிற்சி முடியேக்க எச்சில்ல கோர்ட்டிசோல், அதாவது பதட்டம் வந்தா சுரக்கிற சாமான், கூடியிருந்தது.

அடியில்லாமல் பழக்கிறது பெரிய வித்தையும் இல்லை. இரு எண்டு சொல்லி அது இருந்த உடன, ஒரு செக்கனுக்குள்ள, உப்பில்லாமல் அவிச்ச கோழித் துண்டு சின்னனா ஒண்டு குடுக்க வேணும், பிந்திக் குடுத்தா அது எழும்பினதுக்குக் குடுத்த மாதிரிப் போயிடும். ஓட்டோவைக் கண்டு பாயிற நாயெண்டா அது கத்தாத தூரத்தில நிப்பாட்டி வச்சு ஓட்டோ போகப் போக தீன் குடுத்து, கிழமை கிழமையா கிட்டக் கொண்டு வரலாம். தீபாவளி வெடிக்குப் பயப்பிடுற நாய்க்கும் அப்பிடித்தான், ஃபோன்ல வெடிச் சத்தத்தை மெல்லமாப் போட்டுத் தொடங்க வேணும். பொறுமை தேவை, பிரம்பு தேவையில்லை.

சட்டம் எண்டு பாத்தா எங்களிட்ட இருக்கிறது 1907ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டம், அதில தண்டம் ஆகக் கூடினது 100 ரூபா. அதை நம்பி ஒரு உயிரை ஒப்படைக்க ஏலாது. அதால எங்கட உள்ளூராட்சி சபை இப்பிடியான இடங்களைப் பதிஞ்சு, மிருக வைத்தியர் ஒருத்தரை அனுப்பிப் பாத்து, ஊசிப் பதிவு, நிழல், இரவுக் காவல், அடிக்கிறேல்ல எண்ட உறுதி இருந்தா மட்டும் அனுமதி குடுக்க வேணும் எண்டு கேக்கிறன். நீங்களும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தி ஒரு மிருக வைத்தியரிட்டக் கேட்டு, வெளியூர் போறவை நாயை விடுறதுக்கு முதல் என்ன பாக்க வேணும் எண்டு உங்கட பேப்பர்ல போட்டு விடுங்கோ ஐயா.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை